ரோலர் போடுமுன் ஒரு மிஸ்டு கால்

செப்டம்பர் 3, 2023, ஞாயிறு

கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. ஆட்டத்தின் நடுவில், எதிராளி என் குறிக்குள் வந்து நின்ற நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல். திரும்ப ஏறி வருவதற்குள் எங்கள் அணியில் மற்ற நால்வரும் காலி.

வெறும் விளையாட்டு என்றால் சனியன் தொலையட்டும் என்று தூங்கியிருப்பேன். இது கோயமுத்தூர் அணிக்கான தேர்வு ஆட்டம். எடுத்துக்கொண்டால் மாசச் சம்பளம், இங்கிருந்தே ஆடலாம். ஊட்டி டிராவல்ஸ் ஆபீசில் அடுத்தவர் ஊர்சுற்ற டிக்கெட் போட்டுக் கிடக்க வேண்டாம். அணித்தலைவர் அஸ்வந்த் போனில் கேட்டார்: "ஏனுங்க பிரியா, இத்தலார்ல கரண்டே கெடையாதுங்களா?" நவம்பர் 5 அன்று இன்னொரு முறை பார்க்கிறார்களாம். அதுதான் கடைசி.

கரண்ட் இருந்தது. அதுதான் மண்டையைக் குடைகிறது. பல்பு ஒருமுறை மங்கி நிமிர்ந்தது, அவ்வளவே. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. அம்மாவின் டிவிகூட நிற்கவில்லை. என் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன கேடு?

செப்டம்பர் 6, புதன்

ஷிஜோவுக்கு போன் செய்தேன். காலேஜில் கூடப் படித்த மலையாளி, கூடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். உள்ளே என்ன பவர் சப்ளை என்றான். பெட்டியோடு சும்மா வந்தது என்றேன்.

"எடீ, இத்ர வலிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு, அதுக்குச் சோறு போடறதுக்கு இந்தத் தகரமா?"

ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம். நான்தான் அது. 850 வாட் போடு, கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்கிறான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கண்ணை மூட மனசில்லை. கூட்டிப் பார்த்தேன். கார்டு, பிராசசர், மின்விசிறிகள், எல்லாம் உச்சத்தில் ஓடினாலும் ஐந்நூறைத் தொடவில்லை. பிறகு எதற்கு 850? யாரைக் கேட்டாலும் "பெரிசா இருக்கட்டும்" என்கிறார்கள். ஏன் பெரிசு என்றால் அதற்கும் "இருக்கட்டும்" என்கிறார்கள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "எண்ணூத்தம்பதா? கரண்டு பில்லு யாரு கட்டறது?"

"பெரிய அண்டா வெச்சா நெறையாத் தின்போமாம்மா? பசிக்குத் தகுந்ததுதான் எடுக்கும்."

"உன்ற கம்ப்யூட்டரு தின்னுமாயிருக்கும்."

செப்டம்பர் 17, ஞாயிறு

ஷிஜோ கடையில் கிடந்த 850-ஐ ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான். நடுவட்டம் வழியாக பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல பூசணிக்காய் கனம். பக்கத்தில் இருந்த அம்மாள் "என்னங்க கண்ணு, மிக்சியா?" என்றார். ஆமாங்க என்றுவிட்டேன். மாட்டியாயிற்று. ஓடுகிறது!

செப்டம்பர் 18, திங்கள்

போச்சு. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வைத்த கையோடு உட்கார்ந்தேன், அணைந்தது. எண்ணூத்தம்பதாம், மண்ணாங்கட்டி.

செப்டம்பர் 24, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா?

அப்பா வேலையிலிருந்து என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மேட்டில் இருக்கும் தேயிலை ஃபேக்டரியில் மோட்டார் ரூம் அவர் பொறுப்பு. "இரு அம்மிணி, ரோலர் போட்டுட்டு வாரேன்" என்றார். பல்பு மங்கியது. கம்ப்யூட்டர் செத்தது. "ஆ, சொல்லு அம்மிணி" என்று திரும்பி வந்தார்.

ஃபேக்டரிக்கும் எங்கள் ஊட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். இலையைச் சுருட்டும் ரோலரின் அந்தப் பெரிய மோட்டார் எழும்போது எங்கள் லைனில் ஒரு பள்ளம் விழுகிறது. இத்தனை நாள் என்னைத் தோற்கடித்தது ஆறுச்சாமி, என்னைப் பெற்ற அப்பா!

ஆனால் போன வருசம் இப்படி அணையவில்லையே? சாயங்காலம் அப்பாவிடமே கேட்டேன். "முன்னெல்லாம் காத்தால போட்டா பொழுதுக்கும் ஓடுமே அம்மிணி. இப்ப எங்க எலை வருது? கொஞ்சம் சேந்தாப் போடறது, தீந்தா நிறுத்தறது." பறிகூலிக்கே விலை பத்தவில்லை என்று பாதித் தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒருநாளில் நாலு தடவை மோட்டார் எழுகிறது, நாலு தடவை நான் சாகிறேன். தேயிலை விலை விழுந்தது எங்கே, என் ஆட்டம் விழுவது எங்கே.

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. "இனி போடறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால் உடறேன், சுதாரிச்சுக்க" என்றார். ஆட்டத்தின் நடுவில் என்னத்தைச் சுதாரிப்பது? ஆனால் சரி என்றேன். எனக்கு அது வேறொன்றுக்கு உதவும்.

அக்டோபர் 1, ஞாயிறு

அப்பாவின் பழைய மல்டிமீட்டரை ஸ்விட்ச் போர்டில் சொருகிவிட்டுக் காத்திருந்தேன். போன் ஒருமுறை அடித்து நின்றது. மீட்டரையே பார்த்தேன். 230 வோல்ட்டில் இருந்தது சர்ரென்று 165-க்கு இறங்கி, இமைப்பதற்குள் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் வழக்கம்போல் காலி. சார்ஜரில் இருந்த போன் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

ஏன்? இவ்வளவூண்டு சார்ஜர் தாங்குகிறது, 850 பூசணிக்காய் தாங்கவில்லை.

சார்ஜரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பொடி எழுத்தில்: 100–240 வோல்ட். நடுவில் எது வந்தாலும் ஓடும். டிவியின் முதுகிலும் அதேதான். பூசணிக்காயின் முதுகில் ஒரு சிவப்பு ஸ்விட்ச்: ஒருபக்கம் 115, ஒருபக்கம் 230. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நடுவில் விழுந்தால் அதற்குத் தெரியாது. எவ்வளவு கொடுக்கும் என்றே எல்லோரும் பார்த்தோம். எவ்வளவு குறைந்து வந்தால் சமாளிக்கும் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

அக்டோபர் 8, ஞாயிறு

வாரம் முழுக்கப் படித்தேன். கரண்ட் ஒருகணம் அறுந்தாலும் நல்ல பவர் சப்ளை உள்ளே சேர்த்து வைத்ததைக் கொண்டு தம் பிடிக்குமாம். மலிவானவற்றுக்குத் தம் குறைவு. நான் கேட்டது: 650 வாட் போதும், 100–240 வேண்டும், தம் வேண்டும், ஐந்து வருசமாவது வாரண்டி வேண்டும்.

"850 கண்ட மனசுக்கு 650 மதியோ, போதுமோ?" என்றான் ஷிஜோ. தருவித்துக் கொடுடா என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

வந்தது. மாட்டினேன். மிஸ்டு கால். பல்பு மங்கியது, மீட்டர் 160. கம்ப்யூட்டர் அசையவே இல்லை! ஆட்டம் அதுபாட்டுக்கு ஓடியது.

அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு மூச்சிரைக்க இறங்கி வந்தார். "தாங்குச்சா?" என்றார். காதோரமெல்லாம் தேயிலைத் தூசி. என் ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. தாங்குச்சுங்கப்பா என்றேன். "அப்ப இனி மிஸ்டு கால் வேண்டாமா?" என்றபோது குரல் சுருங்கிவிட்டது. வேணுமுங்கப்பா, தெனமும் பாக்கோணும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"ரெண்டுத்துக்கும் கிறுக்கு" என்றாள் அம்மா.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

அப்பா மோட்டாருக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தார், நான் பவர் சப்ளைக்கு வைத்தேன். ஃபேக்டரியில் பொரி வாங்க வந்த ஆட்களே பாதிதானாம்.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று ஒரே ஒரு மிஸ்டு கால்.

நவம்பர் 5, ஞாயிறு



காலையிலிருந்து மழை, மேடே தெரியாத மஞ்சு. அப்பா டிபன் பாக்ஸோடு கிளம்பினார். "பயப்படாம ஆடு அம்மிணி. போடறப்ப சொல்றேன்."

மீட்டரைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், பழக்கதோசம். முதல் பாதியில் போன் ஒருமுறை மினுங்கி நின்றது. மீட்டர்: 231. காத்திருந்தேன். 231. இறங்கவே இல்லை. இரண்டாம் பாதியில் இன்னொரு மிஸ்டு கால். 232. பல்பு சிமிட்டக்கூட இல்லை.

ரோலர் ஓடவில்லை. அப்பா எங்கேயோ நின்றுகொண்டு சும்மா போன் அடிக்கிறார்.

அழுதால் திரை தெரியாது. இருடி, பொறகு அழலாம்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். ஆடினேன். என் வாழ்க்கையில் இப்படி ஆடியதில்லை. அஸ்வந்த் முடிவில் சொன்னது இதுதான்: "அடுத்த மாசத்துல இருந்து சம்பளமுங்க. இத்தலார்ல கரண்டு நல்லாத்தான் இருக்குதுங்க."

அப்பா நனைந்துகொண்டு வந்தார். காதோரம் சுத்தமாக இருந்தது.

"ரெண்டு வாட்டி போட்டேன், தாங்குச்சா?"

"தாங்குச்சுங்கப்பா. எடுத்துக்கிட்டாங்க."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். துண்டைக் கொடுத்தேன், தலையைத் துவட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நவம்பர் 6, திங்கள்

நான் ஆபீஸ் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் அடுப்படியில் கவிழ்ந்திருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தலைவாசல் வரை வந்தாள்.

மத்தியானம் ஆபீசில் போன் ஒருமுறை அடித்து நின்றது. அப்பா. வெளியே வந்து திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கப்பா, ரோலர் போட்டீங்களா?"

"இல்ல அம்மிணி. ஃபேக்டரிய நிறுத்திப் போட்டாங்க. வெசாழக்கெழமையே."

"தெரியுமுங்கப்பா."

"மீட்டரு சொல்லிருச்சா?" என்று கேட்டுவிட்டு அப்பா சிரித்தார்.