இன்னும் எழுபத்தொன்பது பாக்கி

அன்பு மகள் விசாலாட்சிக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே உட்லண்ட்ஸில் என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் சுகம், அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அந்தக் கால்கரிப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ரக்ஷனாவும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறோம். நம் புளோக்கில் மின்தூக்கியை மாற்றுகிறார்கள், இரண்டு வாரமாக ஆறு மாடி ஏறி இறங்குகிறேன், அதற்காக ஒரு நாள்கூட வெளியே போகாமல் இருக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன வாரம் நீ அம்மாவிடம் போனில் அழுததைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். நீர்நாய்க் குடும்பத்தை வைத்து நீ வரைந்துகொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தின் முதல் பக்கங்களை உன் மேலாளர் தன்னுடைய படமென்று கூட்டத்தில் காட்டிவிட்டானாம், நீ நோட்டை மூடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாயாம், இனி வரையவே மாட்டாயாம். போனால் போகட்டும் விடும்மா என்றாள் அம்மா. அது அவள் குணம். எனக்கு விடத் தெரியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

தங்கராஜுவை உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் பஜனைக் குழுவுக்குச் செயலாளராக இருந்தவன். அம்மா இந்த இடத்தில் அவர் என்று எழுதப் பார்க்கிறாள், அவன் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் தேக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது ஒரு காவடிப் பாட்டு கட்டினேன், எட்டுக் கண்ணி. தார்ச்சாலை சுடுகுதடா வேலவா, உன் தாள்நிழலே செருப்பெனக்கு வேலவா என்று ஆரம்பிக்கும். தைப்பூசத்துக்கு வெறுங்காலில் நடந்தவனுக்குத்தான் அந்த அடி வரும். நீ பாடு நடேசா நான் எழுதிக்கிறேன் என்று தங்கராஜு பச்சை மைப் பேனாவை எடுத்தான், பாடினேன், எழுதினான், மூன்று மாதத்தில் புத்தகமாக அச்சாகி வந்தது, அட்டையில் இயற்றியவர் தங்கராஜு. வாழ்நாளில் ஒரு காவடி எடுத்ததில்லை, சப்பாத்தும் காலுறையுமாக ஓரத்தில் நடந்தவன். பஜனை நடந்த இடத்துக்கே நியாயம் கேட்கப் போனேன். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், இடது பையில் மைக்கறை இருந்தது. எல்லார் காதிலும் விழும்படி, "எழுதத் தெரியாதவன் எப்படிப்பா பாட்டு எழுதுவான்?" என்றான். சிரித்தவர்கள் யார் யார், யார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

அன்று வீட்டுக்கு வந்து நான் அழவில்லை, உன் அம்மாவுக்குத் தெரியும். மறுநாள் காலை தேக்காவுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பாட்டுக்கு இன்னும் ஒரு வரி கட்டினேன். அதற்கு மறுநாள் ஒரு வரி. வரி வந்தால்தான் கோப்பி என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன், கெட்ட வரியானாலும் வரிதான், வராத நாளில் பச்சைத் தண்ணீரோடு மூட்டை தூக்கினேன். பெரும்பாலானவை தேறாது, தேறாததைத் தூக்கிப் போட்டுவிடுவேன். தேறியதைப் பேப்பரில் எழுதிவைக்கிறேன் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டாள், பேப்பரை நம்பி ஒரு தடவை கெட்டது போதும் என்று சொல்லிவிட்டேன். குளிக்கும்போது தினமும் பாடிப் பார்ப்பேன். நீ பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று குளியலறைக் கதவைத் தட்டுவாயே, அதெல்லாம் இதற்காகத்தான். எட்டுக் கண்ணியாக இருந்த பாட்டு இன்றைக்கு எண்பது கண்ணி.

இந்தத் தை மாதம் தங்கராஜுவுக்கு எண்பது வயது விழா, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் வைத்தார்கள். அம்மா வேண்டாம் என்றாள், நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். அவனை அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். பேரன் புத்தகத்தை நீட்டினான், "என் பாட்டு எனக்குத் தெரியாதா லா" என்று தள்ளிவிட்டு ஆரம்பித்தான். மூன்று கண்ணி போனது, நாலாவதில் நின்றுவிட்டான். ஒருமுறை எழுதி வைத்தவனுக்கு அவ்வளவுதான் வரும். எனக்குத் தெரியும் அடுத்த அடி, நாக்கு நுனியில் நிற்கிறது, நான் கொடுக்கவில்லை. வடையை மெல்ல மென்றேன். அவன் கண் சுற்றிச் சுற்றிக் கடைசி வரிசைக்கு வந்து என்மேல் நின்றது. "நடேசா, அடுத்த அடி என்னப்பா?" இருநூறு பேர் கேட்க அவனே கேட்டான். நான் எழுந்து, "எழுதத் தெரியாதவன்கிட்ட கேக்குறீங்களேண்ணே" என்றேன். அதற்குப் பிறகு எண்பது கண்ணியையும் பாடினேன். சோறு ஆறியது, ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் சுவா சூ காங்கில் இருக்கும் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான், விற்காமல் மிஞ்சிய புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு, எரித்துவிடட்டுமா என்றான். எரிக்கக் கூடாது, உங்கள் பெயரை உங்கள் கையாலேயே அடித்து என் பெயரை எழுதுங்கள் என்றேன். சரி, உட்கார்ந்து ஒரே நாளில் முடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தான். நான் விடவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்றேன். மொத்தமாகச் செய்தால் அன்றோடு மறந்துவிடுவான், நான் நாற்பது வருஷம் ஒவ்வொரு நாளாகத்தானே சுமந்தேன். அதனால் தினமும் காலையில் ரயில் ஏறுகிறேன், கிராஞ்சி தாண்டி மரமாக வரும் அந்த நீளத்தில் அன்றைய வரியைக் கட்டிவிடுவேன், அங்கே போய் அவன் எதிரில் உட்காருவேன். அவன் தன் பெயர்மேல் கோடு போட்டு நடேசன் என்று எழுதுவான், எனக்குக் கோப்பி வரும். முதல் வாரம் கோழி கிறுக்கியது போல இருந்தது, இப்போது எழுத்து திருந்தியிருக்கிறது, நேற்று அவனே தூக்கிப் பார்த்து, இன்னைக்கு நல்லா வந்திருக்கு என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

இன்றோடு முப்பத்து மூன்று. நாலு நாளாக அவனுக்கு இருமல், மருந்து வாங்கிக் கொடுத்து, மிளகு போட்டுக் கஞ்சி வைக்கச் சொல்லி மருமகளிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா மன்னித்துவிட்டீர்களா என்று கேட்கிறாள். இல்லை. இன்னும் எழுபத்தொன்பது பாக்கி இருக்கிறது, அதற்குள் அவன் போய்விடக் கூடாது.

உனக்குச் சொல்வது இதுதான் தாயி. அந்த மேலாளரோடு வாயாடாதே, ஆனால் விடவும் விடாதே. பெட்டியிலிருந்து நோட்டை எடு. முழுப் படம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு மீசை முடி, ஒரு வால், ஓர் அலை, அதை வரைந்தபின்தான் கோப்பி. அவன் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் உன்னுடையது. கீழே தேதி போடு, யாருக்கும் காட்டாதே. திருடியவனிடம் திருடியது மட்டும்தான் இருக்கும். ஒருநாள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த பக்கத்தில் அந்த நீர்நாய் என்ன செய்யும் என்று அவனே உன்னிடம் கேட்க வேண்டி வரும். அன்றைக்கு அடுத்த பக்கம் உன் கையில் இருக்க வேண்டும்.

முப்பத்து மூன்றாவது பிரதியை இதோடு வைத்திருக்கிறேன், பச்சை மையில்தான் எழுத வைத்தேன். பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீங்கள் மூவரும் பதினாறும் பெற்று, பகையாளி கண் முன்னால் நன்றாக வாழ வேண்டும். காதை மூடும் தொப்பியில்லாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே முதல் கோட்டைப் போடு.

இப்படிக்கு உன் அப்பா. கீழே இருப்பது என் இடது பெருவிரல் ரேகை. என் பெயரை எழுத ஓர் ஆள் வைத்திருக்கிறேன், ஆனால் அவன் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் எழுதுவான்.