இடக் கன்னம், வலக் கன்னம், நெற்றி

இன்றைக்குத் தலையணை உறைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். நீல உறையில் அங்கங்கே வெளிறிய திட்டுகள். உன்னுடைய கிரீம் செய்த வேலை. அது துணியின் சாயத்தை எடுத்துவிடும், வெள்ளை உறை வாங்கு என்று அப்போதே சொன்னேன். "தலையணைக்கென்ன கலியாணமோ பேசுறாங்கள்? கிடக்கட்டும்" என்றாய். அது இன்னும் கிடக்கிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாம் இருவரும் அறை எடுத்துத் தங்கிய காலத்தில் உன் முகம் முழுக்கப் பரு. வந்துபோகிற சின்னப் பரு அல்ல, கன்னத்துக்குள் கட்டியாக இறங்கித் தொட்டாலே நோகிற வகை. நீ செய்யாத வைத்தியம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றாகவே செய்தாய். ஒரு கிரீமைக் கொஞ்ச நாள் பூசுவாய், எரிகிறது என்று விடுவாய். பிறகு யாரோ சொன்ன குளிசையை வாங்கிக் குடிப்பாய், கொஞ்சம் வற்றியதும் நிறுத்துவாய். அடுத்த மாதம் எல்லாம் திரும்பி வந்து நிற்கும்.

எனக்குக் கோபம் வந்தது பருவில் அல்ல, நீ அம்மாவுக்குச் சொன்ன பொய்யில். உன் அம்மா, எனக்கு அன்ரி, கனடாவில் உன் அண்ணையோடு இருந்தார். ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுப்பார்.

"வீடியோவைப் போடு பிள்ளை, முகத்தைப் பாப்பம்."

"இஞ்சை கவரேஜ் இல்லையம்மா."

அதே அறையில், அதே இணைப்பில் நான் படம் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா போகும்போது கண்ட முகமே அவருடைய மனதில் இருக்கட்டும் என்பாய். உன்னோடு வாதாடி யார் வென்றார்கள்?

கடைசியில் உன்னை ஒரு தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். உன் வைத்தியக் கதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "பூசுறது வெளியிலை, குளிசை உள்ளுக்கை. இரண்டும் ஒண்டா நடக்கவேணும், பிள்ளை. ஒண்டை விட்டிட்டு மற்றதைச் செய்தால் உந்தப் பரு கேளாது" என்றார். காலையில் ஒரு பூச்சு, இரவில் பயறளவு இன்னொன்று, சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு குளிசை, வெயிலில் குடை. வித்தியாசம் தெரிய மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும், குளிசை முடிந்த பிறகும் பூச்சைத் தொடரவேண்டும் என்றார். மாதம் ஒருமுறை முகத்தைப் படம் எடுத்து வரவும் சொன்னார்.

படம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. உன்னை ஜன்னலடியில் இருத்தி இடக் கன்னம், வலக் கன்னம், நெற்றி என்று கிட்டவைத்து எடுப்பேன். முதலில் தோல் காய்ந்து உரிந்தது, நீ கிரீமை மூலையில் எறிந்துவிட்டு அழுதாய். நான் பொறுக்கித் தந்தேன். மழை தொடங்கியபோது புதிதாக ஒரு பருவும் இல்லை, பழையவற்றின் சிவப்பு மட்டும்தான்.

"இப்ப போடன் வீடியோவை" என்றேன்.

"குளிசை முடியட்டும். உந்தச் சிவப்பும் போகட்டும். அம்மா பாத்து மலைக்கவேணும்."

நானும் ஓம் என்றேன்.

அந்த மழையோடு டெங்கு வந்தது. ஒரு கிழமைக்குள் நீ இல்லை. பண்டத்தரிப்பில் உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மனிசி, "உந்தக் குளிசையளைக் குடிச்சுத்தான் உடம்பு கெட்டது" என்று கதைத்தார். இல்லை என்று செத்தவீடு என்றும் பாராமல் சத்தம் போட்டேன். பயணப் பேப்பர் சரிவராததால் அன்ரியால் வரமுடியவில்லை. செத்தவீட்டை ஃபோனில் நேரடியாகக் காட்டினார்கள். அத்தனை வருடம் கேட்ட வீடியோவில் அன்ரி உன்னைக் கண்டது அன்றைக்குத்தான்.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு உன் படம் கேட்டு அண்ணை ஃபோன் எடுத்தார். வீட்டில் அடையாள அட்டைப் படத்தைத் தவிர ஒன்றும் இல்லையாம். என் ஃபோனில் நிறைய இருக்கின்றன என்று தேடினேன். எல்லாம் கன்னமும் நெற்றியுமாக. முழு முகமாக ஒன்றுகூட இல்லை. கடைசி மாதத்துப் படங்களை அனுப்பிவைத்தேன். சற்று நேரத்தில் அன்ரியே எடுத்தார்.

"வடிவா மாறியிட்டுது, என்ன பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"சிரிச்சபடி ஒண்டும் இல்லையோ?"

படம் எடுக்கும்போது நீ சிரிக்கத் தொடங்குவாய். கன்னம் மடியுது, சும்மா இரு என்று நான்தான் அதட்டுவேன்.

"இல்லை, அன்ரி" என்றேன்.

புத்தகத்தில் அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள். பரு வருவதற்கு முந்திய பள்ளிக்கூடப் பிள்ளையாக விறைத்துப்போய் இருக்கிறாய். கடைசி வருடங்களில் உன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான் ஒருத்திதான், அதனால் ஞாயிறுகளில் இப்போது நான் அன்ரியை வீடியோவில் எடுக்கிறேன். நீ பகிடி விட்டதையெல்லாம் சொல்வேன். போன ஞாயிறு, எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டார். தலையைச் சரித்து, உன்னைப் போலவே சிரித்துக் காட்டினேன்.

அன்ரி ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "உது அவளின்ரை சிரிப்பில்லை, பிள்ளை" என்றார்.

எனக்கும் தெரியும்.