தோலுக்காக வாங்கிய ஆரஞ்சுகள்

என் கட்டைவிரல் நகத்தில் இன்று சீவிய ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் இன்னும் மணக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. இந்த மணம் இருக்கும்போதே உனக்கு எழுதிவிட வேண்டும். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் தம்பியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் திருச்சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நீ ஆண்டுதோறும் ஆரஞ்சுத்தோல் தொக்கு செய்து கொடுப்பாய். நீ போன பின் வந்த முதல் பண்டிகை இது. அக்கா நினைவாக அதே தொக்கை ஏலத்தில் வைக்கப்போவதாக அவன் சபையில் அறிவித்துவிட்டு, ராஜபாளையத்துக்கு வந்து ஒரு பாட்டிலை என்னிடம் நீட்டினான். யாரோ ஒரு சமையல்காரரிடம் சொல்லிச் செய்வித்தது: சாத்துக்குடித் தோல், கலர், எசென்ஸ். மேலே உன் பெயரும் நீ சிரிக்கும் படமும்.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான் சத்தம் போடவில்லை. உண்மையாகவே கோபம் வந்தால் என் பேச்சு அச்சடித்ததுபோல் ஆகிவிடும் என்று நீ சிரிப்பாயே, அப்படித்தான் ஆனது. “இதன்மீது உன் அக்காவின் பெயர் இருப்பதை நான் அனுமதிக்க மாட்டேன்” என்றேன்.

“கமலா ஆரஞ்சு இப்ப எங்கன அத்தான் கெடைக்கும்? எல்லாம் ஒரே ஆரஞ்சுதான்” என்றான்.

எல்லாம் ஒன்றாம்! சந்தையில் ஒருமுறை நீ கமலாவை ஒவ்வொன்றாக அமுக்கி, தோல் சுளையை விட்டு விலகி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் பொறுமையிழந்து, தோலுக்கா பழம் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். “ஆமாண்ணே, தோலுக்குத்தான். பழத்த எங்க வீட்டு வாத்தியார் தின்னு தீத்துருவாரு” என்றாய். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுத் தோலை அடுப்புச் சுடரருகே மடித்துப் பிழிவாய். படபடவென்று பொறி பறந்தால்தான் அது தொக்குக்கு.

அவன் போனதும் சந்தைக்கு ஓடினேன். இந்த ஆண்டு கமலா வரத்து இன்னும் தொடங்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆரஞ்சுதான் இருந்தது. அதன் தோலை அப்படியே அரிந்து வதக்கினேன். உள்ளே இருந்த தடித்த வெள்ளைப் பகுதி சுண்ணாம்புபோல் வாயைக் கட்டியது. மறுநாள் மேல்தோலை மட்டும் சீவிப் போட்டேன். மணம் வந்தது, ஆனால் வெறும் மிட்டாய் மணம். வெல்லத்தைக் குறைத்தும் பயனில்லை. மழையில் கமலா லாரி வராத ஓர் ஆண்டு நீ அடுப்பங்கரையில் நின்று சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: “இனிப்புக்கு ஆளு எங்கன வேணும்னாலும் கெடைக்கும். கசப்புக்குத்தான் ஆளு தேடணும்.”

நார்த்தங்காய்! அதன் பச்சைத் தோலைப் பொடியாக அரிந்து, உப்பு நீரில் கொதிக்கவிட்டு வடித்து, ஆரஞ்சுச் சீவலோடு ஒரு பிடி மட்டும் சேர்த்தேன். புளியைக் குறைத்தேன், நல்லெண்ணெயைக் குறைக்கவில்லை. எண்ணெய் பிரிந்து வந்ததும் ஆறக்கூட விடாமல் எடுத்து வாயில் போட்டேன். நாக்கு வெந்தது. வெந்த நாக்கின் அடியில் மெதுவாக ஒரு கசப்பு எழுந்து நின்றது. ஆளில்லாத அடுப்பங்கரையில் கை தட்டினேன் என்றால் நம்புவாயா?

ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு பாட்டிலில் அடைத்துக்கொண்டு ஏல மேசைக்குப் போனேன். சீட்டில் ‘வெளிநாட்டு ஆரஞ்சு, நார்த்தங்காய்’ என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டிருந்தேன். பக்கத்திலேயே உன் படம் ஒட்டிய அவன் பாட்டில்கள். அவன் என் பாட்டிலைப் புரட்டிப் பார்த்தான்.

“அக்கா பேரக் காணோமே அத்தான்?”

“இது அவ செஞ்சது இல்லடே.”

அவன் மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கினான். பிறகு தன் பாட்டில்களிலிருந்து உன் படத்தை ஒவ்வொன்றாக, கிழியாமல் உரிக்கத் தொடங்கினான். நான் உதவிக்குப் போகவில்லை.

என் கோபம் இன்னும் தணியவில்லை. அதனால் உனக்கு வருத்தம் வேண்டாம். நீ இல்லாத வீட்டில் அது என்னை எழுப்பி நடமாட வைக்கிறது. இப்போதெல்லாம் யார் வீட்டு விருந்திலும், இலையில் வைத்த ஊறுகாயைச் சுட்டிக்காட்டி, இது எந்தப் பழம் என்று கேட்டுவிடுகிறேன். பலருக்குப் பிடிப்பதில்லை. சொல்லும்வரை இலையை மடிப்பதில்லை நான்.