லாரிக்காரன் வீட்டில் கேட்காத கேள்வி

என் அன்பு மகள் சின்ன ஹாரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அவளுக்கு அந்த இருமல் விட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். கல்யாணமாகி ஒரு பிள்ளைக்கும் தாயான பிறகு இன்னும் என்ன சின்ன ஹாரன் என்று முகத்தைச் சுளிக்காதே. பிறந்த அன்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி நீ அழுத அழுகைக்கு எங்கள் லாரி ஷெட்டே சேர்ந்து வைத்த பெயர் அது, என்னால் மாற்ற முடியாது. போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் நீ ஒன்று கேட்கிறாய், நான் வேறொன்று சொல்கிறேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது, அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. காகிதம் என்னை அவசரப்படுத்தாது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஸ்டியரிங் பிடித்தே பழகிய கை.

நீ அனுப்பிய முழங்கால் உறை வந்துவிட்டது. அளவு சரியாக இருக்கிறது, நிறம்தான் பந்து விளையாடப் போகிறவன் போட்டுக்கொள்வது மாதிரி பளிச்சென்று இருக்கிறது, போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள். அதைவிட அது வந்த விதத்தைக் கேள். காலையிலேயே பார்சல் கிளம்பிவிட்டது என்று போனில் தகவல். கொஞ்சம் பொறுத்து, பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது என்று இன்னொரு தகவல். படத்தில் ஒரு சின்ன வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து வருகிறது. நான் வாசலில் நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன நேரத்துக்கு டாண் என்று வேன் வந்து நின்றது, ஓட்டி வந்தவன் இறங்கக்கூட இல்லை, ஜன்னல் வழியாகவே நீட்டினான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா தம்பி என்று நான் கேட்டு முடிப்பதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டான்.

தெருக்கோடியில் எங்கள் லாரி ஷெட் இருந்த இடத்தில்தான் இப்போது அந்தப் பார்சல் கிடங்கு இருக்கிறது. எல்லாம் வெள்ளை வேன்கள், ஒன்றை உரித்து வைத்ததுபோல இன்னொன்று, பெயரும் கிடையாது குணமும் கிடையாது, பின்னால் எடுக்கும்போது மட்டும் கீச் கீச் என்று கத்தும். எங்கள் கம்பெனி லாரிகள் அப்படியா. கிழவி என்று நான் ஓட்டிய வண்டிக்கு ஒரு பக்கக் கதவு மூடவே மூடாது, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போய் வந்தேன். சண்டைக்காரி என்று ஒன்று, ஏற்றத்தில் நாலு வார்த்தை திட்டினால்தான் அதற்குக் கியர் விழும். மகாராணி என்பது முதலாளி ஆசையாக வாங்கிய புது வண்டி, கீறல் விழுந்துவிடும் என்று யாரிடமும் கொடுக்க மனசில்லாமல் துடைத்துத் துடைத்து நிறுத்தி வைத்தே அதைப் பழசாக்கினார். எஞ்சின் சூடு பட்டுப் பட்டு என் ஒரு காலில் முடியே முளைக்காமல் போனது, இன்றைக்கும் அந்தக் கால் வழுவழு என்றுதான் இருக்கிறது. உங்களுக்கு ஒரு காலுக்குத்தான் வயசாகுது என்று உன் அம்மா கேலி செய்வாள். இப்போது அந்தக் காலைத் தடவிப் பார்த்தால் சூடு ஒன்றும் இல்லை, அவள் சிரித்ததுதான் நினைவுக்கு வருகிறது.

உன் நுரை மாமாவையும் போன வாரம் அவன் மகன் வந்து தன்னோடு கூட்டிப் போய்விட்டான். என்னோடு லாரி ஓட்டியவர்களில் இந்தத் தெருவில் மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான், தினம் மத்தியானம் வந்து உட்கார்ந்து என் தேநீரைக் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போவான். மகனுடைய காரில் ஏறுவதற்கு முன்னால் கைத்தடியால் நாலு டயரையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். காற்று குறைந்த டயர் கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் சத்தத்தில் தெரிந்துவிடும், எங்களில் யாரும் அதைத் தட்டாமல் வண்டி ஏறியது கிடையாது. மகன் தலையில் அடித்துக்கொண்டான். நுரை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, டயர் நல்லாத்தான் இருக்கு என்றான். சரி என்றேன். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்னமும் மத்தியானமானால் இரண்டு டம்ளருக்குத்தான் தண்ணீர் வைக்கிறேன், பிறகு இரண்டையும் நானே குடிக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை பேசும்போது உன் அறையைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரிப்பை மாற்றி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். உனக்கு என்ன களைப்போ, சும்மா கிடக்கிற அறையை எதற்கு எப்போது பார்த்தாலும் பெருக்கிக்கொண்டே இருக்கிறீர்கள், யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள், பேச்சுத்துணையாவது கிடைக்கும் என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிறகு சொன்னாயே ஒன்று, "நான் வந்தாலும் உங்களுக்கு ஒண்ணுதான் வராட்டியும் ஒண்ணுதான். இத்தனை வருஷத்துல எப்போ வருவேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களாப்பா?" சொன்ன கையோடு போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நீ சொன்னது நிஜம், நான் கேட்டதே இல்லை. ஆனால் ஏன் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு வீட்டில் யாரும் கேட்காமல் இருக்கிற கேள்வி அந்த வீட்டுப் பிள்ளையின் காதில் எப்படி விழும், நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் கிளம்புகிற டிரைவரிடம் எப்போது வருவாய் என்று யாரும் கேட்கக் கூடாது. முதலாளியும் கேட்க மாட்டார், கேட்டில் நிற்கிற வாட்ச்மேனும் கேட்க மாட்டான். ஆபீஸ் கரும்பலகையில் எந்த வண்டி எந்த ஊருக்குக் கிளம்பியது என்று எழுதுவார்கள், திரும்புகிற நாளுக்கு அதில் கட்டமே கிடையாது. சரக்குக்காரர்கள் வந்து குதிப்பார்கள், வண்டி கிளம்பிடுச்சு என்பதற்கு மேல் முதலாளி வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போனால் அந்தத் தேதி டிரைவருடைய காலில் போய் உட்கார்ந்துகொள்ளும், தூக்கம் வந்தாலும் மழை வந்தாலும் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும் என்பது அவர் கணக்கு. நாளாக நாளாகக் காரணம் மறந்து போய் பயம் மட்டும் தங்கிவிட்டது, கேட்டால் ஏதாவது நடந்துவிடும் என்று. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் கிளம்பும் நேரத்தில் அப்பா எப்போ என்று ஆரம்பிப்பாய், அம்மா சட்டென்று உன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணிப்பாள். நீ அதைப் பிஸ்கட் கிடைத்த சந்தோஷமாக மட்டும்தான் நினைவில் வைத்திருப்பாய்.

நுரைக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான். அவன் மனைவி தையற்காரர் வீட்டுப் பெண், பிறந்ததிலிருந்து எப்போது கிடைக்கும் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் கேட் வரைக்கும் வந்து அத்தனை பேர் முன்னாலும் எப்போ வருவீங்க என்று கேட்டுவிட்டாள். வாட்ச்மேன் திறந்த கேட்டை மறுபடி மூடிவிட்டான். நுரையை இறக்கி, தண்ணீர் குடிக்க வைத்து, முதலிலிருந்து டயர் தட்ட வைத்து அனுப்பினார்கள். போனானா, லோடு பூராவும் சலவைத் தூள். நடுவழியில் பேய்மழை, தார்ப்பாய் கிழிந்து தண்ணீர் உள்ளே போய் லாரி பொங்கத் தொடங்கிவிட்டது. பாலத்து இறக்கத்தில் நுரை வண்டிக்கு முன்னால் ஓடியதாம், பின்னால் வந்தவன் எல்லாம் வழுக்கி ஓரம் கட்டினானாம். வண்டி வெள்ளை வெளேரென்று ஷெட்டுக்குள் வந்தபோது முதலாளி கோபிக்க நினைத்துச் சிரித்துவிட்டார். ஆனால் பழி என்னவோ அந்தப் பெண் தலையில்தான் விழுந்தது. கிழிந்தது தார்ப்பாய், பெய்தது மழை, திட்டு வாங்கியது அவள். அதற்குப் பிறகு எங்கள் டிரைவர்கள் வீட்டில் எந்த மனைவியும் வாயைத் திறந்ததில்லை.

உன் அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கேட்க மாட்டாள், ஆனால் கிளம்பும்போது எதையாவது தயாராக வைத்திருப்பதாகச் சொல்வாள். உங்க தலையணை உறையைத் துவைச்சுப் போட்டிருக்கேன் என்பாள், வெந்நீர் அண்டாவை விளக்கி வெச்சிருக்கேன் என்பாள். எனக்கு அது வழி முழுக்கக் காதில் இருக்கும். நான் உன்னிடம் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னதெல்லாம் அந்தப் பாஷைதான் அம்மாடி. எனக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். நீ அதை வீட்டுவேலைக் கணக்காக எடுத்துக்கொண்டாய், உன்மேல் தப்பில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை உன்னிடம் சொன்னதில்லை. நான் லாரிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்த பிறகு முதன்முதலாக முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது சமையலறையிலிருந்து அம்மா, "எப்போ வருவீங்க?" என்றாள். எனக்கு ஒரு கணம் திக்கென்று ஆகிவிட்டது. எட்டிப் பார்த்தால் கையில் கரண்டியோடு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்தது, கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன் என்றாள். அதற்குப் பிறகு ஒருநாள் விடவில்லை. கடைக்குப் போனாலும் கேட்பாள், வாசலில் குப்பை போடப் போனாலும் கேட்பாள். நானும் வீம்புக்கு, லோடைப் பொறுத்து என்பேன். இப்போது நான் வெளியே கிளம்பும்போது வீட்டைப் பூட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. யாரும் கேட்காததால் சில நாள் கிளம்பவே தோன்றுவதில்லை. நான் எப்போதும் போகிறவனாகவே இருந்துவிட்டேன் கண்ணு, காத்திருப்பது எவ்வளவு கஷ்டமான உத்தியோகம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனாய், அதற்குப் பிறகு இந்த வாசலில் உன் செருப்பு கிடக்கவில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, குட்டியையும் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி நேற்று வந்து உன் அறையைப் பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், வெளிச்சம் நன்றாக வருகிறது என்றாள், சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவள் போன பிறகு அந்தக் கட்டிலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ அனுப்பிய முழங்கால் உறை எந்தத் தெருவில் வருகிறது என்றுகூட எனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது, உன்னைப் பற்றிச் சொல்லத்தான் யாரும் இல்லை.

குட்டிக்கு என் முத்தம், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிவிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வெளியூருக்குக் கார் எடுக்கும்போது வெட்கப்படாமல் டயரைத் தட்டிப் பார், கண் சொருகினால் ஓரம் கட்டித் தூங்கு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் சொல்வாள். இனிமேல் நான் எழுதப் போவதை எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன், பழைய பயம் அவ்வளவு லேசில் போகாது. இருந்தாலும் கேட்கிறேன்.

எப்போது வருவாய்?

கேட்டுவிட்டேனே என்று காலை அழுத்தாதே. மெதுவாகவே வா. ஆனால் வா.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா