நெப்டியூனுக்கு எட்டு நிலா

30.8.89, புதன்

மலைப்பக்கம் மேகம் மட்டும். மழை இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

பேப்பரில் வந்ததைக் கத்தரித்து ஒன்பதாம் வகுப்பு போர்டில் குத்தினேன். விண்கலம் நெப்டியூனைக் கடந்துவிட்டது. புதிதாக ஆறு நிலாக்கள். பழைய இரண்டோடு எட்டு.

ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தையல் டீச்சர்: "அப்ப மாசத்துக்கு எட்டு அமாவாசையா? எங்க வீட்டுல கறி எடுக்கவே முடியாதே." எல்லோருக்கும் சிரிப்பு. உடனே சேலைப் பேச்சு. இவர்களோடு பதினேழு வருடம்.

வீட்டில் இவர்: "அம்புட்டுத் தூரம் போயி ஆறு உருண்டையப் பாத்தானாக்கும்." தலை நிமிரவில்லை.

ஒழுங்காகக் கேட்டது ஒரே ஆள். என் வகுப்பு முத்துலட்சுமி. அப்பா மில்லில் பஞ்சுப் பொதி தூக்குகிறவர். "அதுக்கெல்லாம் பேரு வச்சாச்சா டீச்சர்?" இன்னும் இல்லை என்றேன். அவளுக்கு அதில் ஏனோ சந்தோஷம்.

வாங்க: சொட்டு நீலம், குண்டூசி, இவருக்கு பிளேடு.

5.9.89, செவ்வாய்

ஆசிரியர் தினம். ஆளுக்கொரு ரோஜா. தாளாளர் முக்கால் மணி நேரம் பேசினார். நாங்கள் மெழுகுவர்த்திகளாம். போன வருடமும் அதே மெழுகுவர்த்தி.

பிறகு வினாடி வினா. கேள்வி கேட்டதும் தாளாளர்தான். ஜெயிப்பவள் விருதுநகரில் மாவட்டப் போட்டிக்குப் போவாள். ஒருத்திதான். ஒரு மாதமாக முத்துலட்சுமிக்கு இதே நினைப்பு. கடைசியில் அவளும் டாக்டர் மகளும் சமம். டாக்டர் மகள், மழை ஏன் பெய்கிறது என்றால் முப்பத்தேழாம் பக்கம் என்பாள்.

கடைசி அட்டை. நெப்டியூனுக்குத் துணைக்கோள்கள் எத்தனை? முத்துலட்சுமி எட்டு என்றாள். டாக்டர் மகள் இரண்டு. அட்டையின் பின்னாலும் இரண்டு. ஜூனில் பாடப் புத்தகத்தைப் பார்த்து நானே எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்த அட்டைகள். மறந்தே போனேன்.

"இல்ல சார், எட்டு. எங்க போர்டுல இருக்கு." சொல்லிவிட்டு முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள்.

தாளாளர் அட்டையை என்னிடம் நீட்டினார். "இது உங்க கையெழுத்துதான டீச்சர்?"

"ஆமா சார்."

அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் சொன்னேன். கைதட்டல். டாக்டர் மகள் விருதுநகருக்கு.

இந்த ஆளை மண்டூகம் என்று எத்தனை தடவை இந்த நோட்டில் எழுதியிருப்பேன். மண்டூகம் என் வாயைப் பொத்தவில்லை.

ரோஜாவை பஸ் ஜன்னல் வழியாகப் போட்டேன்.

6.9.89, புதன்

மேகம். மழை இல்லை. பிளேடு மறந்ததற்கு ஒரு முணுமுணுப்பு.

முதல் பீரியடுக்கு முன்னால் முத்துலட்சுமி போர்டு பக்கத்தில் நின்றாள். "இத எடுத்துரட்டுமா டீச்சர்?"

பழைய அட்டை, பாடப் புத்தகம், தாளாளர் என்று என்னவோ சொன்னேன். நீ சொன்னதுதான் சரி என்றும் நடுவில் சொன்னேன், மெதுவாக.

"அது எனக்குத் தெரியும் டீச்சர்."

பேப்பர் துண்டை மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான்கு குண்டூசிகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.