நீ எழுதிய முதல் பத்தி

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுதான் எனக்கு நான்கு நாளாகச் சரியில்லை. உனக்குச் சளி விட்டதா, வேலை பார்க்கும் சலவைக்கூடத்து நீராவியில் நின்றுவிட்டு அப்படியே குளிரில் வெளியே வராதே, தலையில் துணி கட்டிக்கொள். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியை மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனை இரண்டு தடவை கையில் எடுத்தேன், வாய் வரவில்லை, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். விஷயம் உன் கட்டுரை. அதன் முன்னுரையை உன்னைக் கேட்காமல் நான் மாற்றிவிட்டேன். மாற்றினதோடு நிற்காமல் கல்லூரியிலும் கொடுத்துவிட்டேன். இப்போது அது தேறுமா தேறாதா என்பதே சந்தேகமாகிவிட்டது. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

தட்டச்சு செய்து நேரில் சேர்த்துவிடுங்கள், தபால்வழிப் படிப்பில் இதுதான் கடைசிக் கட்டுரை, இது தேறினால்தான் பட்டம் என்று நீ சொன்னது மறக்கவில்லை. நீ கையால் எழுதிப் போனில் அனுப்பிய ஒன்பது பக்கத்தையும் தாலுகா அலுவலக வாசலில் என் மேசையில் உட்கார்ந்துதான் அடிக்க ஆரம்பித்தேன், மனு எழுத வந்தவர்களைக்கூடக் காக்க வைத்தேன். ஆனால் முதல் பத்தியிலேயே கை நின்றுவிட்டது. கதையின் பெயரைப் போட்டு, நீதிமன்றத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் குரல் கொடுக்கும் அதன் நாயகனான மொழிபெயர்ப்பாளர் தன் மகளுக்காக ஒரு முறைகூட வாய் திறப்பதில்லை, வாசகர்கள் இதைப் பொறுமை என்கிறார்கள், இது கோழைத்தனம் என்பதே என் வாதம், கதை அதை மூன்று இடங்களில் காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். நாலே வரி. திருத்துகிறவர் யாரோ எவரோ, எடுத்த எடுப்பிலேயே இப்படி அடித்துப் பேசினால் பேப்பரைத் தூக்கி எறிந்துவிட மாட்டாரா? மனுவில் முதலில் வணக்கம், பிறகு குடும்ப நிலைமை, கோரிக்கை எப்போதும் கடைசியில்தான், அதற்குள் அதிகாரி முகம் சுளித்துவிடக் கூடாது. முப்பது வருடப் பழக்கம், சும்மா இருக்குமா. இலக்கியம் ஒரு பெருங்கடல் என்று தொடங்கினேன். கரையில் நிற்கும் எளியவளின் சிறு முயற்சி என்றேன், பிழையிருப்பின் பொறுத்தருளப் பணிவுடன் வேண்டுகிறேன் என்று முடித்தேன். பதினாறு வரி வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரரிடம் படித்துக் காட்டினேன், கல்லும் கரையும் என்றார். மனுஷன் அதை யாருடைய வீட்டுமனை மனுவோ என்று நினைத்திருக்கிறார், பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து போன் வந்தது, உடனே போனேன். பேராசிரியை அம்மாவின் அறையில் நாற்காலி மேலெல்லாம் கட்டுரைக் கட்டுகள், ஒன்றை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார். உன் கட்டுரையை எடுத்து வைத்துவிட்டு, முன்னுரை என்றால் எந்தக் கதை, அதில் என்ன கேள்வி, எழுதுகிறவர் என்ன சொல்லப்போகிறார் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும், இந்தப் பதினாறு வரியில் கதையின் பெயர்கூட இல்லையே என்றார். அடுத்த பத்தி 'முதல் இடத்தில்' என்று தொடங்குகிறது, எதற்கு முதல் இடம் என்று கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தலை ஒருத்தரோடது, உடம்பு ஒருத்தரோடதா இருக்கு. இதை எழுதினது உங்க பொண்ணுதானா?" என்றார். ஒன்பது பக்கமும் உன்னுடையதில்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்து, போனைத் திறந்து உன் கையெழுத்தைக் காட்டி நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன் நாலு வரியை அவர் இரண்டு முறை படித்தார். இது முன்னுரை, இதை வைத்துக்கொண்டா அதை எழுதினீர்கள் என்றார். அடுத்தவர் கை பட்ட கட்டுரையை ஏற்க விதியில் இடமில்லையாம். ஆனால் உனக்குத் தெரியாமல் மாற்றப்பட்டது என்று நீயே எழுதி, உன் முதல் பத்தியையும் சேர்த்து அடுத்த புதன்கிழமைக்குள் அனுப்பினால் குழுவின் முன் வைப்பாராம். ஏற்பார்களா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். கிளம்பும்போது, எந்தச் சொல்லுக்கு நீங்கள் பயந்தீர்கள் என்று கேட்டார். திருத்துகிறவருக்கு மரியாதை வேண்டாமா அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாதி பொய் அது. பஸ்ஸில் உட்கார்ந்து உன் ஒன்பது பக்கத்தையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன், அடிக்கும்போது எழுத்துதான் கண்ணில் பட்டது. அந்த மொழிபெயர்ப்பாளரை நீ என்னை வைத்து எழுதினாயா என்று கேட்க மாட்டேன். கதையில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறாய், ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுத்திருக்கிறாய். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். உனக்குப் பகல் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, பெண்பிள்ளைக்கு எதற்கு, வேலைக்கு அனுப்பு என்று பெரியப்பா நம் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில்கூட யாரோ ஒரு பெண்ணின் கல்விக் கட்டணத்துக்கு மூன்று பக்கம் மனு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அண்ணன் சொல்லை எப்படி மீறுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். நீ எழுதிய அந்தச் சொல்லை வேறு யாரும் படிக்கக் கூடாது என்றுதான் கடலைக் கொண்டுவந்து மேலே ஊற்றினேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டாவது முறையும் என்னால் உன் படிப்பு போய்விடுமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நேற்று வழக்கம் போல, நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்று கல்லூரிக்கு ஒரு மாதிரிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "மறுபடியும் அவளுக்கு நீங்களே எழுதாதீங்க" என்றாள். கிழித்துப் போட்டுவிட்டேன். நீயே எழுது. வேலை முடிந்து களைத்து வருவாய், தெரியும், இருந்தாலும் தள்ளிப் போடாதே, புதன் மதியத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். உன் முதல் பத்தியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் சேர்த்து அனுப்பு. என் தகப்பனார் என் அனுமதியில்லாமல் மாற்றினார் என்று முதல் வரியிலேயே போடு. பாசத்தால், அறியாமையால் என்று எனக்காக எதையும் சேர்க்காதே, அப்படிச் சேர்த்தால் மனு வலுவிழந்துவிடும், இது தொழில் தெரிந்தவன் சொல்வது. வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் கைகூட வேண்டும், உன் சொல் எங்கும் நிற்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். எத்தனையோ பேர் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன் மகளே, இந்த ஒன்றில் என் பெயர் முழுசாக வரட்டும்.

இப்படிக்கு,
எதிர்மனுதாரர்,
உன் அப்பா