லாடக்காரனைச் சாகடித்த நாவல்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறீர்களா?

பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுமுன் என்னையும் கேட்கலாமென்று நீ அனுப்பிய மூன்று சரித்திர நாவல்களையும் அம்மா வாசிக்கக் கேட்டு முடித்தேன். எழுத்து தெரியாதவனிடம் கருத்துக் கேட்டாய், அனுபவி. முதலாவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா கதை. குதிரை மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறது, இளவரசன் இறங்கவே இல்லை. நாற்பது வருஷம் லாடம் அடித்தவன் சொல்கிறேன், அவனுக்கு உட்காரும் இடத்தில் தோலே மிஞ்சியிருக்காது. இரண்டாவது பாய்மரக் கப்பல் காலம். கப்பல் நன்றாகத்தான் போனது, ஆனால் முந்தின நாள்வரை முகம் கொடுத்துப் பேசாத இருவருக்குத் திடீரென்று குழந்தை பிறந்துவிட்டது. விசாரித்தால் உன் அம்மா நடுவில் பதினோரு பக்கம் தாண்டியிருக்கிறாள். பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். இதை எழுத மாட்டேனென்று இப்போதும் பேனாவை மூடினாள். "நான் சொல்றத மட்டும் எழுது, உன் நியாயத்துக்குத் தனிக் கடுதாசி போட்டுக்கோ" என்றேன்.

மூன்றாவது அட்டையில்லாத தட்டச்சுத் தாள்கட்டு, ரயில் புதிதாக வந்த காலம். எழுதியவர் புதுசு, அப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் எழுதியவரே அடுப்பில் போட்டுவிடுவார் என்று எழுதியிருந்தாய். யாரோ உன் சிநேகிதி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்யும் லாடக்காரன் தும்மும்போது ஓர் ஆணியை விழுங்கிவிடுகிறான். அங்கே அம்மா வாசிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் ஆணி விழுங்கிய சங்கதி இந்த உலகத்தில் எனக்கும் அவளுக்கும், அன்று கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்ட ஏழு வயசுக் கழுதைக்கும்தான் தெரியும்.

அடி கள்ளி, அடுப்பில் போட்டுவிடாதே. நீ எழுதினபடிதான் லாடம் அடிக்கக் குதிரை காலைத் தூக்கித் தரும், ரயில் சத்தத்துக்கு அப்படித்தான் காதை மடக்கும். ஆனால் கடைசிப் பக்கத்தில் அந்த ஆணியாலேயே அவனைச் சாகடித்துவிட்டாய். அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறாள், பக்கத்தில் நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன். சரித்திரம் அப்படியில்லை. வாழைப்பழமாகத் தின்றேன், மூன்றாம் நாள் காலையில் ஆணி வெளியே வந்தது, கழுவி அதே குதிரைக்கு அடித்தேன். அப்படியே மாற்றி எழுதி அச்சுக்குக் கொடு. வெட்கமாயிருந்தால் கவலைப்படாதே, அந்தப் பக்கத்தையும் அம்மா தாண்டிக்கொள்வாள்.

குறையொன்றும் இல்லாமல் இருவரும் நன்றாயிருக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
இன்னும் சாகாத உன் அப்பா.